தொழிலாளர் கிளப் பற்றிய பழைய பிரிட்டிஷ் ஆவணப்படம்: திரையிடும் முன் சில கேள்விகள்

கொட்டகைக்காரன்:

எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் பழைய ஆவணப்படம் ஒன்றைப் போடுகிறோம். வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களின் கிளப் ஒன்று. தொலைக்காட்சிக்காக 16 எம்.எம்.மில் எடுத்த 50 நிமிடப் படம். விளக்கக் குரல் கிடையாது. ஒரு சனி இரவும் மறுநாள் ஞாயிறு பகலும் அப்படியே ஓடுகின்றன. பார்வையாளர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுக்க வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

புரியாத இடங்கள் இவை. வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சிலர் அட்டையைக் காட்டுகிறார்கள், சிலர் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். மேடையில் ஒரு பெண் பாடுகிறார். ஒரு பாட்டு முடிந்ததும் மைக்கில் ஒருவர் ஏதோ அறிவிக்க, பாடகி இறங்கிவிடுகிறார், அரங்கம் முழுக்கத் தலையைக் குனிந்து எண்களை அடிக்கத் தொடங்குகிறது. பாரில் பீர் ஊற்றுகிறவர் கைப்பிடியை இழுக்காமல் ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார். ஓர் அறைக்குள் பெண்கள் யாருமே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீள மேசையில் வெள்ளைத் தண்டுள்ள ஏதோ காயை ஜோடி ஜோடியாக வைத்து டேப்பால் அளக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: முதலாளி யார்? படத்தில் அப்படி ஒருவர் கண்ணில் படவே இல்லை. நம் ஊர் ஜிம்கானா கிளப் மாதிரி என்று எழுதுவதா, மதுக்கடை மாதிரி என்று எழுதுவதா? படம் எந்த வருடத்தது என்றும் டப்பாவில் இல்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?


வரவுசெலவு:

இரண்டு மாதிரியும் வேண்டாம். முதலாளி கண்ணில் படவில்லை என்றால் காரணம், அங்கே முதலாளி கிடையாது. கட்டடம், நாற்காலி, ஸ்னூக்கர் மேசை, நிலவறையில் இருக்கும் பீர் வரை எல்லாம் உறுப்பினர்களின் பொதுச்சொத்து. குறிப்பில் முதல் வரியாக இதையே போடுங்கள். வாசல் மேசையும் கமிட்டியின் அதட்டலும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

சட்டமே இதை ஒத்துக்கொள்கிறது. மதுக்கடையில் நடப்பது விற்பனை. உறுப்பினர் கிளப்பில் நடப்பது வழங்கல் மட்டும்: ஏற்கெனவே பங்குள்ள ஒருவர் தன் பங்கிலிருந்து ஒரு பைண்ட் பீர் எடுத்துக்கொண்டு, ஈடாகப் பொது நிதியில் காசு போடுகிறார். அதனால் அந்தக் காலத்தில் மதுக்கடை உரிமம் வேண்டியிருக்கவில்லை, பதிவுச் சான்றிதழ் போதுமாக இருந்தது. 2005 வரை அமலில் இருந்த 1964 உரிமச் சட்டப்படி அதற்குச் சில நிபந்தனைகள் இருந்தன. குறைந்தது 25 உறுப்பினர் இருக்க வேண்டும். பெயர் முன்மொழிந்த நாளுக்கும் சேர்க்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் போகிறவரை எல்லாம் வாசலிலேயே ‘உறுப்பினர்’ ஆக்கி ஊற்றிவிடலாம். மது வாங்குவதும் வழங்குவதும் தேர்ந்தெடுத்த கமிட்டியின் கையில் இருக்க வேண்டும், அந்தக் கொள்முதலில் தனிமனிதர் எவரும் தரகு பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் எஃப்.எல்.2 உரிமம் வாங்கும் மனமகிழ் மன்றங்களும் ஏட்டில் இதே வகைதான், தனியுடைமை அல்லாத மன்றம் தன் உறுப்பினருக்கு வழங்குவது. சட்ட வடிவம் ஒன்று, வாழ்க்கை வேறு. ஜிம்கானாக்கள் மேல்தட்டுக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டவை. டர்ஹாம் கிளப்பில் தலைவரும் செயலாளரும்கூட அதே சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள்.

இனி வாசல் மேசை. உட்கார்ந்திருப்பவர் கூலிக்காரர் அல்ல, முறை வைத்து வரும் கமிட்டி உறுப்பினர். சொந்த உறுப்பினர் தன் அட்டையைக் காட்டுவார். விருந்தாளி என்றால் அழைத்து வந்தவர் நோட்டில் இருவர் பெயரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உள்ளே அவர் செய்யும் எதற்கும் அழைத்து வந்தவரே பொறுப்பு. பல கிளப்புகளில் விருந்தாளி பாரில் தானாக எதுவும் வாங்க முடியாது, உறுப்பினர்தான் வாங்கித் தர வேண்டும். மூன்றாவது வகைதான் சுவாரசியம். வெளியூர்க்காரர் ஒருவர் வேறு நிற அட்டையைக் காட்டி நோட்டில் கையெழுத்திட்டுத் தனியாகவே உள்ளே போகிறாரா என்று பாருங்கள். அது கிளப்புகள் சேர்ந்த ஒன்றியத்தின் அட்டை. தொழிலாளர் கிளப் மற்றும் நிலைய ஒன்றியத்தில் இணைந்த எந்தக் கிளப்பின் உறுப்பினரும் அந்த அட்டையை வைத்துக்கொண்டு இணைந்த மற்ற கிளப்புகளில் நுழையலாம். 1970-களில் அப்படி 4,000 கிளப்புகள் இருந்தன. டர்ஹாம் தொழிலாளி கோடையில் எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் மாலையில் உட்கார இடம் உண்டு.

அந்த ஒன்றியத்தை 1862-இல் தொடங்கியவர் ஹென்றி சாலி, யூனிட்டேரியன் என்ற கிறித்தவப் பிரிவின் போதகர். தொழிலாளியை மதுக்கடையிலிருந்து மீட்டு நூலகமும் சொற்பொழிவும் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்; தொடக்கத்தில் பீர் கிடையாது. பீர் இல்லாத இடத்துக்கு ஆள் வரவில்லை, சில வருடங்களிலேயே அந்தத் தடை தளர்ந்தது. பிறகு இன்னொரு தடை: பிரபுக்களின் நன்கொடையில் நடக்கும் கிளப்பில் பிரபுக்களின் சொல்தான் எடுபடும். 1880-களின் நடுவில் ஒன்றியத்தின் நிர்வாகமே தொழிலாளர் பிரதிநிதிகள் கைக்கு வந்தது. உங்கள் படத்தில் கமிட்டிக்காரர்கள் காட்டும் விறைப்பைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். அது பிறரிடமிருந்து வாங்கிய அதிகாரம் என்பதை மனதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கமிட்டி எப்படி: தலைவர், செயலாளர், பொருளாளர், சுமார் பத்துப் பன்னிரண்டு உறுப்பினர், எல்லோரும் தேர்தலில் வந்தவர்கள். கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பொதுக்குழுவில் ஒவ்வொரு வரிக்கும் கேள்வி வரும். புது ஆள் சேர முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வேண்டும். பெயர் பலகையில் தொங்கும், ஆட்சேபணை இருப்பவர் சொல்லலாம், பிறகு கமிட்டி வாக்கெடுக்கும். ஒழுங்கு மீறினால் தண்டனையும் அவர்களே: ஒரு மாதமோ ஆறு மாதமோ உள்ளே வரக் கூடாது. ஊரில் வேறு பொழுதுபோக்கு இடமே இல்லாத சுரங்கக் கிராமத்தில் அது எவ்வளவு கனமான தண்டனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாசல் பலகையைப் பார்த்து என்ன அமைப்பு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சுரங்கத் தொழிலாளர் நல மன்றங்கள் வேறு. 1920 சுரங்கத் தொழில் சட்டம், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வசூலித்து நல நிதி அமைத்தது. அந்தப் பணத்தில் மன்றங்களும் மைதானங்களும் எழும்பின. ஒரே ஊரில் இரண்டும் இருக்கும், ஆட்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான், நிர்வாகமும் பணத்தின் ஊற்றும்தான் வேறு. அதேபோல் லூயி ஆம்ஸ்ட்ராங் 1968-இல் பாடிய பாட்லி வெரைட்டி கிளப்பைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அது 1967-இல் திறந்த தனியார் வணிக அரங்கம்.


நாற்பத்தைந்து_ஆர்பிஎம்:

கச்சேரி அறை பற்றி.

மைக்கில் பேசுகிறவர் கச்சேரிச் செயலாளர் அல்லது கச்சேரித் தலைவர். பெரும்பாலும் மேடை ஓரத்தில் அவருக்கென்று சின்ன மேசையோ தடுப்போ இருக்கும். மைக், மணி, பிங்கோ இயந்திரம் மூன்றும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில். கலைஞர்களை ஏஜென்ட் மூலம் பதிவு செய்வது, சம்பளம் பேசுவது, கூட்டத்தை அடக்குவது, எண் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பாட்டு நடக்கும்போது பேசுகிறவர்களைப் பெயர் சொல்லி அதட்டுவார். பாடகருக்காகத்தான் அதட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள், அந்த அறையில் அமைதி என்பது விதி.

பாடகி பாதியில் விரட்டப்படவில்லை. இரவின் அட்டவணையே அப்படித்தான்: கலைஞரின் முதல் சுற்று அரை மணியிலிருந்து முக்கால் மணி, பிறகு பிங்கோ, பிறகு இரண்டாம் சுற்று, சில இடங்களில் மூன்றாவதும். பிங்கோ நேரத்தை யாரும் தள்ளிப்போட முடியாது. கலைஞர் சுற்றை நீட்டினால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுச் சைகை காட்டுவார்கள்.

பிங்கோவை உங்கள் பார்வையாளர்களுக்கு விளக்க ஒரு சொல் போதும்: தம்போலா. நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் குடியிருப்போர் சங்க விழாக்களிலும் ஆடும் ஹவுசியேதான். 1 முதல் 90 வரை எண்கள். டிக்கெட்டில் 3 வரிசை, 9 பத்தி, வரிசைக்கு 5 வீதம் 15 எண்கள். முதல் பத்தியில் 1–9, அடுத்ததில் 10–19, கடைசியில் 80–90. கிளப்பில் ஆறு டிக்கெட் சேர்ந்த தாளாக விற்பார்கள். அந்த ஆறில் 90 எண்ணும் தலா ஒரே ஒரு முறை வந்துவிடும். முழுத்தாள் வாங்கியவருக்கு எந்த எண் சொன்னாலும் ஒன்று அடிக்க இருக்கும், அதனால்தான் எல்லோர் தலையும் சேர்ந்து குனிந்திருக்கிறது. ஒரு வரிசைக்குப் பரிசு, முழு டிக்கெட்டுக்குப் பெரிய பரிசு. கூவுவது அடுத்த எண் சொல்வதற்குள் இருக்க வேண்டும். தாமதமானால் பரிசு போச்சு, இரவின் பெரும்பாலான சண்டைகள் இங்கேதான். கமிட்டிக்காரர் ஒருவர் டிக்கெட்டை வாங்கி எண்களை உரக்கப் படித்துச் சரிபார்ப்பதைப் படத்தில் பார்க்கலாம்.

‘பனிப்பந்து’ என்று ஒரு ஆட்டம் இருக்கும். உதாரணமாக 50 எண்ணுக்குள் முழு டிக்கெட்டும் அடித்தால் பெரிய தொகை. யாரும் அடிக்கவில்லை என்றால் பணம் அடுத்த வாரத்துக்குச் சேரும், எண் வரம்பும் 51, 52 என்று ஏறும். தொகை பெருத்த வாரம் கூட்டம் வழியும். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி பரிசாகவே திரும்பிவிடும். கிளப்புக்கு வரவு, அந்த நேரம் முழுக்க அறை நிறைந்திருப்பதிலும் பாரிலும். 1960 பந்தய, சூதாட்டச் சட்டம் வந்தபின் வரவின் இன்னொரு தூண், காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரம். 1968 சட்டம் பதிவு பெற்ற கிளப்புக்கு இரண்டு பெரிய பரிசு இயந்திரங்களை அனுமதித்தது. 60-களிலும் 70-களிலும் நல்ல சம்பளம் கொடுத்துப் பாடகர்களை அழைக்க முடிந்ததில் அந்த இரண்டு இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு.

பாடகியின் பின்னால் வாசிப்பவர்கள் அவருடைய குழு அல்ல. கிளப்பின் நிரந்தர ஆர்கன்காரரும் டிரம்ஸ்காரரும். ஒத்திகை என்பது மாலையில் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். பாடகி தன் சுருதியில் எழுதிய இசைத்தாள் கொண்டுவர வேண்டும், ஆர்கனுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்று. அச்சுப்புத்தகத்தில் உள்ள சுருதி பாடகியின் குரலுக்கு இரண்டு மூன்று கட்டை மேலே இருக்கும். மாற்றி எழுதாமல் வந்தால் ஆர்கன்காரர் அங்கேயே மாற்றி வாசிக்கத் திணறுவார், அல்லது பாடகி உச்சத்தில் உடைவார். தாள்களை ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பாட்டு நடுவில் பக்கம் பறக்கும். அறிமுக இசை எத்தனை தாள வட்டம் (பார்) என்று குறிக்காவிட்டால் இருவரும் வெவ்வேறு இடத்தில் தொடங்குவார்கள். இதெல்லாம் சேர்ந்து முதல் சுற்று கெட்டால் ‘கணக்குத் தீர்ப்பு’: சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அப்போதே அனுப்பிவிடுவார்கள். உங்கள் படத்தில் பாடகி முதல் பாட்டுக்கு முன் ஆர்கன்காரரிடம் விரலைக் காட்டி ஏதோ சொல்கிறார் என்றால் பெரும்பாலும் வேகம் எண்ணிக் காட்டுகிறார். இந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர்களைப் பிறகு எந்த மேடையும் பயமுறுத்தவில்லை. டாம் ஜோன்ஸ் தெற்கு வேல்ஸ் கிளப்புகளில் பாடித்தான் தேறினார்.


கொட்டகைக்காரன்:

தம்போலா என்றதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, மிக்க நன்றி. பீர் பொத்தானும் பெண்கள் போகாத அறையும் அந்தக் காயும் மிச்சம். பார்வையாளர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பெண்கள். அந்த அறையைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள்.


செங்கல்_சூளை:

பெண்கள் விஷயத்தைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள் தோழர். மேலே ‘உறுப்பினர்களின் பொதுச்சொத்து’ என்று வந்ததில் உறுப்பினர் என்ற சொல்லுக்குள் அந்தக் காலத்தில் பெரும்பாலான கிளப்புகளில் பெண் இல்லை. கச்சேரி அறைக்கும் ஓய்வறைக்கும் வரலாம். ஆண்கள் பாருக்கும், பல இடங்களில் ஸ்னூக்கர் அறைக்கும் போகக் கூடாது. ‘பெண் உறுப்பினர்’ என்று தனி அட்டை கொடுத்த கிளப்புகளிலும் வாக்கு கிடையாது, கமிட்டிக்கு நிற்க முடியாது, ஒன்றியத்தின் அட்டை கிடைக்காது. கணவர் இறந்தால் அவர் பெயரில் வந்துகொண்டிருந்த இடமும் ஆட்டம் காணும். அதே சமயம் பிங்கோ மேசைகளை நிரப்பியதும் கிளப்பின் சாப்பாட்டு வேலையையும் குழந்தைகள் விழாவையும் சுமந்ததும் அவர்கள்தான்.

1975 பாலினப் பாகுபாட்டுச் சட்டம் இதைத் தொடவில்லை. பொதுமக்களுக்கு வழங்கும் சேவைக்குத்தான் அது. உறுப்பினர் கிளப் தனியிடம் என்று தப்பித்தது. 1978-இல் யார்க்ஷயரின் வேக்ஃபீல்டில் ஷீலா கேப்ஸ்டிக் என்பவரை அவர் வழக்கமாக ஆடிவந்த கிளப்பில் ஸ்னூக்கர் ஆடக் கூடாது என்று நிறுத்தினார்கள். அவர் அதை விடவில்லை, நாடு முழுக்க இயக்கமாக வளர்ந்தது. ஒன்றியத்தின் ஆண்டு மாநாடுகளில் சம உரிமைத் தீர்மானம் திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் 2007-இல் நிறைவேறியது. 2010 சமத்துவச் சட்டம் பாகுபாட்டைச் சட்ட விரோதமாக்கியது. ஆகவே படத்தில் பெண்கள் நுழையாத அந்தக் கதவு அதற்குப் பின் முப்பது வருடத்துக்கு மேல் பல ஊர்களில் அப்படியே இருந்தது.

நிறத் தடையையும் ஒரு வரி சேருங்கள். பிரெஸ்டன் நகரில் ஒன்றிய அட்டை வைத்திருந்த கறுப்பர் ஒருவரைத் துறைமுகத் தொழிலாளர் கிளப் நிறத்தைச் சொல்லி வெளியேற்றியது. வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய், 1974-இல் கிளப் பக்கம் தீர்ப்பானது: அட்டைக்காரர்கள் ‘பொதுமக்கள்’ ஆகமாட்டார்களாம். அதற்கு முந்தைய வருடம் இன்னொரு தீர்ப்பு. அது தொழிலாளர் கிளப் அல்ல, லண்டன் ஈஸ்ட் ஹாமில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்ந்த ஒரு கிளப். இந்தியர் ஒருவரைச் சேர்க்க மறுத்த வழக்கிலும் சபை அதே பக்கம் நின்றது. இன்று தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் அதே ஈஸ்ட் ஹாம். 1976 இன உறவுச் சட்டம்தான் 25 அல்லது அதற்கு மேல் உறுப்பினருள்ள கிளப்புகளையும் உள்ளே கொண்டுவந்து இந்த ஓட்டையை அடைத்தது. தொழிலாளர் ஒற்றுமையின் கோட்டை என்று ஒரே மூச்சில் புகழ்ந்து குறிப்பு எழுதினால் இது விடுபட்டுப்போகும்.


வரவுசெலவு:

செங்கல்_சூளை சொன்னது முழுக்கச் சரி. நானும் அதை முதல் பதிலிலேயே சேர்த்திருக்க வேண்டியது, குறிப்பில் வாசல் மேசைக்கு அடுத்த பத்தியாகவே வரட்டும்.

பீர் பொத்தான்: அது மின்சார அளவிப் பம்பு. ஓர் அழுத்தலுக்குச் சரியாக அரை பைண்ட். பைண்ட் என்பது 568 மி.லி., அதனால் இரண்டு அழுத்தல். நெரிசலான சனி இரவில் கைப்பம்பை இழுத்து நுரை அடங்கக் காத்திருக்க நேரமில்லை. அளவி இருந்தால் ஊற்றுகிறவர் கோப்பையைப் பார்க்கக்கூட வேண்டாம், அளவும் குறையாது. இதற்குக் கோப்பை ஒரு பைண்டைவிடச் சற்றுப் பெரிதாக, கோடு போட்டதாக இருக்கும். நுரை கோட்டுக்கு மேலே நிற்கும். விளிம்புவரை நிரம்பவில்லையே என்று பார்வையாளர் யாராவது கேட்டால் இதுதான் பதில்.

பெரிய கிளப்புகளில் பீப்பாயும் கிடையாது. நிலவறையில் ஐந்து பீப்பாய் கொள்ளும் தொட்டி, அதாவது 180 காலன், 1,440 பைண்ட். டேங்கர் லாரி வந்து குழாய் வழியே நிரப்பிவிட்டுப் போகும். தெருவில் தண்ணீர் லாரி மாதிரி ஒன்று நிற்கும் காட்சி இருந்தால் அது இதுவாக இருக்கலாம்.

பாரை நடத்துபவர் ஸ்டீவர்ட். கிளப்பின் சம்பளக்காரர், பெரும்பாலும் குடும்பத்தோடு மாடி வீட்டில் குடியிருப்பார், மனைவியும் அதே சம்பள ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பது வழக்கம். லாபம் அவருடையதல்ல, பற்றாக்குறை மட்டும் அவர் தலையில். கணக்கர் வந்து இருப்பு எடுப்பார்: முன் இருப்பு, வந்த சரக்கு, இப்போதைய இருப்பு மூன்றையும் வைத்து எவ்வளவு பணம் கல்லாவில் வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு உண்மையில் வந்ததோடு ஒப்பிடுவார். குழாய் கழுவும்போது கொட்டிய பீரை எழுதி வைக்காவிட்டால் அதுவும் குறைவாகத் தெரியும். இரண்டு முறை தொடர்ந்து குறைந்தால் கமிட்டி வேறு ஆளைத் தேடும், வேலையோடு வீடும் போகும்.

வடகிழக்கு என்பதால் பீர் யாருடையது என்பதும் முக்கியம். முதல் உலகப்போர் முடிந்த சமயம் பீர் தட்டுப்பாடு. ஆலைகள் தங்கள் சொந்த மதுக்கடைகளுக்கு முதலில் கொடுத்தன, கிளப்புகளுக்கு மிச்சம்தான். 1919-இல் கிளப்புகளே சேர்ந்து வடக்குக் கிளப்புகள் ஃபெடரேஷன் ஆலையை நியூகாசிலில் தொடங்கின. பங்குதாரர்கள் கிளப்புகளே, வாங்கும் அளவுக்கு ஏற்ப ஆண்டு முடிவில் லாபப் பங்கு திரும்பும், கூட்டுறவுப் பண்டகசாலை மாதிரி. பாராளுமன்றத்தின் பாரில்கூட இந்த பீர் ஊற்றினார்கள். 1980-இல் டன்ஸ்டனில் புது ஆலைக்கு மாறியது, 2004-இல் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கோப்பையிலோ அதன் அடியில் வைக்கும் அட்டைகளிலோ ஃபெடரேஷன் பெயர் தெரிகிறதா பாருங்கள்.

இந்தக் கிளப்புகள் பின்னால் ஏன் மூடின என்று ஒரு வரி போட வேண்டியிருந்தால் சுரங்கம் மூடியதை மட்டும் எழுதிவிடாதீர்கள். 60-களில் பல கிளப்புகள் பீர் ஆலைகளிடம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிப் பெரிய கச்சேரி அறை கட்டின. நிபந்தனை, அந்த ஆலையின் பீரை வருடம் இத்தனை பீப்பாய் வாங்க வேண்டும். கூட்டம் குறைந்து பீப்பாய்க் கணக்கு எட்டாதபோது கடன் அடையாமல் மிஞ்சியது, பெரிய அறையைச் சூடாக்கும் செலவும் குறையவில்லை. சூப்பர் மார்க்கெட் பீரும் 2007 ஜூலை புகைத்தடையும் அதற்கு மேல் விழுந்த அடி.


நுவரெலியா_தோட்டம்:

அந்தக் காய் லீக்ஸ். இலங்கையில் எல்லாச் சந்தையிலும் கிடைக்கும், தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பார்க்கலாம். ஆனால் நீங்கள் பார்த்தது கறிக்குப் போடுகிற மெலிந்த நீள லீக்ஸ் இல்லை, வடகிழக்கு இங்கிலாந்துச் சுரங்கக்காரர் போட்டிக்கென்றே வளர்க்கிற குட்டைத் தடிப்பு இனம். கிளப்புக்குள்ளேயே தனி லீக்ஸ் சங்கம் இருக்கும். வருடம் முழுக்க வாரச்சந்தா கட்டிச் சேர்த்த காசில் பரிசு. செப்டெம்பரில்தான் கண்காட்சி, ஆகவே உங்களுடைய படம் எடுத்த மாதம் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.

அளக்கிற விதம்: வேர் தொடங்குகிற இடத்திலிருந்து இலை முதலில் பிரிகிற இறுக்கமான முடிச்சு வரைக்கும் வெள்ளைத் தண்டு 6 அங்குலத்துக்கு மேலே போகக் கூடாது. நீளத்தையும் சுற்றளவையும் எடுத்து, அட்டவணையைப் பார்த்துக் கன அங்குலமாக மாற்றுவார்கள். ஜோடியின் மொத்தக் கன அளவு கூடினவருக்குத்தான் முதலிடம். நீளத்துக்கு வரம்பு இருக்கிறபடியால் போட்டி முழுக்கத் தடிப்பில்.

வளர்ப்பு லேசில்லை. விதையைவிட, பூத்தலையில் முளைக்கிற சின்ன நாற்றைத்தான் கூடுதலாகப் பாவிப்பார்கள், தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். குளிர் காலத்தில் கூரைக்குக் கீழே வளர்த்து வசந்தத்தில் ஆழமாகக் கொத்தி எருப் போட்ட பாத்திக்கு மாற்றுவார்கள். தண்டைச் சுற்றி உறை கட்டினால்தான் வெளிச்சம் படாமல் வெளுக்கும். உரத்தைக் கூட்டிப் போட்டு அவசரப்படுத்தினால் தண்டு வெடிக்கும், அல்லது நடுவிலே பூத்தண்டு கிளம்பும். இரண்டும் மேசையிலிருந்து தள்ளிவிடும். ஈரம் கூடினால் இலையில் துருநோய். வேறொருவரின் செடியை வாங்கி வைக்காதபடி, கண்காட்சிக்குச் சில கிழமைக்கு முன்னமே கமிட்டியாட்கள் தோட்டம் தோட்டமாகப் போய் இலையில் முத்திரை குத்துவார்கள். போட்டி நெருங்கும்போது இரவில் எதிராளியின் லீக்ஸை வெட்டிப்போடுகிற கொடுமையும் நடந்திருக்கிறது. தோட்டத்தில் காவல் இருப்பவர்கள் படத்தில் வந்தால் காரணம் இதுதான்.

பரிசு மேசையையும் கவனியுங்கள். கோப்பை மட்டும் இல்லை, போர்வை, கரண்டிப் பெட்டி, தளபாடம் என்று வீட்டுச் சாமானாக இருக்கும்.


ரீல்பெட்டி:

வருடத்தை நெருங்கும் வழி. விலைப்பலகையை நிறுத்திப் பாருங்கள். ஷில்லிங், பழைய பென்னி என்றால் 1971 பிப்ரவரி 15-க்கு முன். புதிய பென்னி மட்டும் என்றால் பின். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பாரை மூடி விளக்கேற்றி எல்லோரையும் எழுப்புகிறார்கள் என்றால் அது அந்தக் காலச் சட்ட நேரம்: ஞாயிறு 12 முதல் 2, மாலை 7 முதல் 10.30. கறுப்பு வெள்ளை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பி.பி.சி. 1-உம் ஐ.டி.வி.யும் 1969 நவம்பரில் வண்ணத்துக்கு மாறிய பிறகும் வெளிச்சம் குறைந்த இடங்களில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஓடியது. ஃபிலிம் கையில் இருந்தால் ஓரத்து எழுத்தைப் பாருங்கள், கோடாக் சுருளில் தயாரித்த வருடத்துக்கான குறி அச்சாகியிருக்கும். அது ஃபிலிம் செய்த வருடம், படம் எடுத்த வருடம் அல்ல.

திரையிடுவதில் மூன்று விஷயம். பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கான 16 எம்.எம். வினாடிக்கு 25 பிரேமில் எடுத்தது. சாதாரண புரொஜெக்டர் 24-இல் ஓடும். அப்படி ஓட்டினால் 50 நிமிடப் படம் 52 நிமிடம் ஆகும், அதைவிட மோசம், ஆர்கனும் பாடகியின் குரலும் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இறங்கிவிடும். 25-க்கு மாற்றும் வசதியுள்ள புரொஜெக்டர் தேடுங்கள். கணினிக் கோப்பாக இருந்தால் பிளேயர் வினாடிக்கு 25 என்று காட்டுகிறதா பாருங்கள்.

திரை விகிதம் 4:3. பக்கங்களில் கறுப்பு இருக்கட்டும். அகலத்திரைக்கு இழுத்தால் லீக்ஸ் இன்னும் தடிக்கும், வெட்டினால் கச்சேரிச் செயலாளரின் தலை போகும்.

ஒலி: கச்சேரி அறைக் காட்சிகளில் பேச்சும் இசையும் ஒரே மைக்கில் விழுந்திருக்கும். அரங்கின் தாழ்ஒலியை (பாஸ்) குறைத்து, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்று ஏற்றினால் சொல் தெளியும். டர்ஹாம் பேச்சு இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது, ஆகவே வசனத் தமிழாக்கத்தைத் திரையின் கீழ்விளிம்பில் போடாமல் சற்று மேலே தள்ளிப் போடுங்கள். பிங்கோ காட்சியில் டிக்கெட்டுகள் மேசையில் கீழ்ப்பகுதியில்தான் தெரியும், எழுத்து அதை மறைக்கக் கூடாது.